உள்ளிருந்து உடைந்த பெட்டி

அன்பு அண்ணனுக்கு,

உன் தங்கை எலி எழுதுகிறேன். வீட்டில் மூவரும் நலம். நீயும் உன் அறையில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ அனுப்பிய பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது! செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, நான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில், மூன்றாவது மேஜையில். சுவிட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு மணிச் சத்தம் வந்தது. பிறகு டிஸ்க் போடும் இடத்தில் யாரோ முறுக்கு கடிப்பது போலக் கரகரவென்று கேட்டது. திரை மெல்ல வெளுத்து, நடுவில் சின்னதாக ஒரு படம் தெரிந்தது. என்னைவிட எட்டு வயது மூத்த இயந்திரம் அது. நான் கத்திவிட்டேன் அண்ணா. லேபில் சேர்ந்து ஒரு வருடமாகிறது, யாராவது மணி கேட்டால்கூடக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுகிறவள் நான். பக்கத்து அறையிலிருந்து எங்கள் லேப் மேடம் ஓடி வந்து, "என்னம்மா, ஷாக் அடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். எனக்குப் போனில் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். நீயும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். இந்தக் கடிதத்தில் நீ மட்டும் படிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பார்சல் வேன்காரர் மேல் நீ கொடுத்த புகாரைப் பற்றியது. ஆகவே தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படி. இன்று பதினோராம் தேதி. இருபத்தெட்டாம் தேதிக்குள் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

பெட்டி வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும்தான் பிரித்தார்கள். மாலை நான் வந்தபோது கம்ப்யூட்டரின் பின்பக்க ஓடு துண்டு துண்டாகப் பாயில் கிடந்தது. படக்குழாய் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அழுதுகொண்டே நான்தான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். ஆறு வருடமாக ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையாமல் பெட்டி கட்டுகிறவன் நீ. உன் பார்சல் கிடங்கில் உன்னைக் 'கட்டு ராஜா' என்று கூப்பிடுகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்குக் கோபம் வராமல் இருக்குமா? அன்றே உங்கள் கம்பெனியிலேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டாய். வேனில் ஏற்றி இறக்கியவர் தூக்கிப் போட்டிருக்கிறார் என்று.

அடுத்த வாரம் அந்த வேன்காரர் வீட்டுக்கு வந்தார். விசாரணை முடியும்வரை அவரிடமிருந்து வேன் சாவியை வாங்கிவிட்டார்களாம். இங்குள்ள கிடங்கில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, கண்ணாடின்னு நாலு பக்கமும் எழுதியிருந்துச்சு. பின்னாடி போடவே இல்ல. முன் சீட்டுல வச்சு, பெல்ட்டு மாட்டி, குழந்தையக் கொண்டுவர்ற மாதிரிதான் கொண்டுவந்தேன்" என்றார். அப்பா விடவில்லை. "குழந்தைய இப்படித்தான் கை கால உடைச்சுக் கொண்டுவந்து குடுப்பியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போது கோபம்தான்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுதத்தான் கை பரபரக்கிறது.

மொத்தம் நாற்பத்தொரு துண்டுகள். அதில்லாமல் ஒரு கைப்பிடித் தூள். முதல் நாளே அவசரப்பட்டு, கடையில் விற்கும் உடனடிப் பசையால் ஐந்து துண்டுகளை ஒட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டிக்கொண்டது. ஐந்து மயிரிழை சேர்ந்ததும் ஆறாவது துண்டு உள்ளே போகவே இல்லை. போதாதற்கு, பசை பட்ட இடமெல்லாம் பனி படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, சுரண்டி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த முறை பசையே இல்லாமல், எல்லாத் துண்டுகளையும் டேப்பால் மட்டும் சேர்த்துப் பார்த்தேன். எந்தத் துண்டு எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? பழைய பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும். இது வருடக்கணக்கில் ஏதோ ஜன்னலோரம் இருந்திருக்கிறது. அதனால் ஒரு பக்கம் நல்ல மஞ்சள், போகப்போக வெளிர்மஞ்சள், மறுபக்கம் கிட்டத்தட்டப் பழைய நிறம். துண்டுகளை மஞ்சள் வாரியாக வரிசையாக வைத்தேன். பாதி வேலை தானாக முடிந்துவிட்டது! மேடம் எட்டிப் பார்த்து, "இது நல்ல யோசனை" என்றார். அன்று வீடுவரை நடந்தே வந்தேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

ஒட்டுவதற்கு அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கிறார்களே, அதன் கலப்பில்லாத திரவம். அது இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உதிர்ந்த தூளையும், லேபின் பரணில் கிடந்த உடைந்த கீபோர்டு மூடிகளையும் அதில் போட்டு இரண்டு நாள் மூடி வைத்தால், கஞ்சி மாதிரி ஒரு குழம்பு கிடைக்கும். அதை உள்பக்கமாகப் பூசினால் துண்டும் துண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். ஒரு சின்னப் பாட்டிலை வீட்டில் வைத்திருந்தேன். வாசனையைப் பிடித்துக்கொண்டு அம்மா, "யாருக்குடி இது? வேலைக்குப் போறியா, இல்ல யாரையாவது பார்க்கப் போறியா?" என்று விரல் நகங்களைத் தூக்கிப் பார்த்தாள். நகத்தில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் கஞ்சி.

பாதி ஓடியிருந்த விரிசல்களின் முனையில் ஊசி அளவு துளை போட்டேன். அப்படிச் செய்தால் விரிசல் மேலே ஓடாமல் அங்கேயே நின்றுவிடும். மூலைகளுக்கு உள்ளே மெல்லிய கம்பி வலையை வைத்து, சூடான சால்டரிங் கம்பியால் அமுக்கிப் பதித்தேன். மின்சார வேலை எதையும் நான் தொடவில்லை, மேடம்தான் பார்த்தார். பயப்படாதே.

இரண்டாவது வாரம் மேல்மூலைத் துண்டுகளைத் தேய்க்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன் அண்ணா.

பிளாஸ்டிக்கை வளைத்து ஒடித்தால், இழுபடும் பக்கம் வெள்ளையாகும். வெளியிலிருந்து அடி விழுந்தால் உள்பக்கம் இழுபடும், உள்பக்கம்தான் வெளுக்க வேண்டும். இங்கே எல்லாத் துண்டுகளிலும் வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. நம்ப முடியாமல் ஒரு கீபோர்டு மூடியைக் கட்டை விரலால் வளைத்து உடைத்துப் பார்த்தேன். அப்படியேதான். அப்படியானால் ஓட்டின் மேல் வெளியிலிருந்து அடி விழவில்லை. உள்ளேயிருந்து ஏதோ முட்டி முட்டி உடைத்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடி வந்து நீ கட்டிய அட்டைப் பெட்டியைத் தேடினேன். நல்லவேளை, அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். எட்டு மூலைகளும் புதிதாக இருந்தன. ஒரு நசுக்கல் இல்லை. நீ கட்டிய கட்டு, அண்ணா! ஒரு மூலைகூட மடங்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. உன் வேலையில் குறையில்லை என்று உனக்கு எழுத வேண்டும் என்று குதித்தேன்.

மறுநாள் ஒன்றைத் தவிர எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பிறகு, ஓட்டின் உள்பக்கம் ஒரு தழும்பு முழுதாகத் தெரிந்தது. வளைந்த கம்பியின் தடம், அதன் கீழே ஒரு தட்டையான விளிம்பு. லாடம் மாதிரி இருந்தது. அதே தடம் ஏழெட்டு இடத்தில். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அப்பாவின் சைக்கிள் கடைக்கு நீ அனுப்பினாயே பெரிய பூட்டு, அது பார்சலில் எங்கே இருந்தது என்று கேட்டேன்.

அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "அதுவா? அந்த டிவி மாதிரி இருக்கே, அதுக்குள்ளதான்டி இருந்துச்சு. காலுறைல சுத்தி வச்சிருந்தான். காலுறை ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம். சோப்பு ரெண்டும்கூட அதுக்குள்ளதான்."

பெட்டியைப் பிரித்த அன்றே அப்பா அந்தப் பூட்டைக் கடைக்கு எடுத்துப்போய் மாட்டிவிட்டார். நான் அது அட்டைப் பெட்டியின் ஓரத்தில் வந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கடை மூடியதும் போய்ப் பூட்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து எடுத்தேன். தடத்தின் மேல் வைத்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

அண்ணா, இதில் என் தப்பும் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பார்த்த அந்த மாடல் உன் ஊரில் பழைய சாமான்களோடு கிடைக்கிறது என்று நீ எழுதியபோது, பெரிய மேதாவி மாதிரி பதில் எழுதினேனே, நினைவிருக்கிறதா? 'பார்க்கத்தான் பெரிது, உள்ளே பாதி இடம் காலிதான்' என்று. காலி இடம் என்று படித்துவிட்டு, பின்பக்கத்தைக் கழற்றி எதையாவது வைக்காமல் உன்னால் சும்மா இருக்க முடியுமா? செருப்புக்குள் சோப்பும், பிளாஸ்க்குக்குள் பேனாவும் வைத்து அனுப்புகிறவன் நீ. நான் அதை எழுதாமல் இருந்திருக்க வேண்டும். எழுதினாலும், எதையும் வைக்காதே என்று அடுத்த வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து நான் செய்தது உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். தனியாக. என்ன சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் எழுதி, பஸ்ஸில் மூன்று முறை படித்துக்கொண்டேன். மேலாளர் முன்னால் நின்றதும் காகிதத்தைப் பிரிக்கவே கை வரவில்லை. கொண்டுபோன அந்த ஒட்டாத துண்டையும் ஒரு கீபோர்டு மூடியையும் அவர் மேஜையில் வைத்து, மூடியை உடைத்துக் காட்டினேன். அவர் பயந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வந்துவிட்டது. வெளுப்பு, தடம், அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப யார் தப்பும்மா?" என்றார். எங்கள் வீட்டுத் தப்பு என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் புகார் உன் பெயரில் இருக்கிறது. அனுப்பியவரே காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கினால்தான் செல்லுமாம். நான் சொன்னது எடுபடாது. உன் ஊரில் உங்கள் அலுவலகத்திலேயே கொடுத்தால் போதும், அன்றே இங்கே தெரிந்துவிடும் என்றார். இருபத்தெட்டாம் தேதி விசாரணையை முடிக்கிறார்கள். அதற்குள் உன் காகிதம் வராவிட்டால் வேன்காரரின் வேனையும் வழித்தடத்தையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினாலு வருடமாக அதே வழியில் ஓட்டுகிறாராம்.

அப்பாவிடம் சொன்னேன். பூட்டைக் கழற்றிப் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன், போடவில்லை. நேற்று வேன்காரர் கடைப் பக்கமாகச் சைக்கிளில் போனார். வேன் இல்லாததால் இப்போது சைக்கிள்தான். அப்பா குறுக்கே போய் நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டார். அடித்துக்கொண்டே இருந்தார். "போதும்ணே, வெடிச்சிடும்ணே" என்று அவர் கெஞ்சிய பிறகுதான் நிறுத்தினார். அப்பாவுக்கு மன்னிப்பு கேட்கத் தெரிந்த விதம் அவ்வளவுதான். வேன்காரருக்கும் அது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இறங்கி நின்று டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

அண்ணா, நீ கொடுக்கும் காகிதம் முதலில் உன் மேற்பார்வையாளர் கைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். உன் அறையில் இருப்பவர்களும் சும்மா விடமாட்டார்கள். 'கட்டு ராஜா' என்று கூப்பிட்ட வாய் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். யாராவது கேலி செய்தால், வெளியே ஒரு மூலைகூட மடங்கவில்லை என்று என் தங்கச்சி சாட்சி சொல்வாள் என்று சொல். பட்டம் வாங்கியவள் சாட்சி, அதற்காவது இந்தப் படிப்பு உதவட்டும்.

காரணம் என்ற இடத்தில் நிறைய எழுத வேண்டாம். 'உள்ளே கனமான பொருள் வைத்திருந்தேன்' என்று ஒரு வரி போதும். என்ன பொருள், யாருக்காக வைத்தாய் என்பதையெல்லாம் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது எங்களுக்குத் தெரியும்.

கடிதம் கிடைத்த அன்றே போய்க் கொடுத்துவிடு அண்ணா. முதல் ஷிப்டாக இருந்தாலும் வேலைக்குப் போவதற்கு முன்னால் கொடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் சொல்கிறாள், நான் சொல்வதில்லை, நினைத்துக்கொள்கிறேன்.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
தங்கை