பதினான்காம் பெட்டி

குழாயடியில் அந்தக் கல்லை நனைத்ததுதான் தாமதம், நீ வந்துவிட்டாய். காய்ந்த பாறையில் தண்ணீர் பட்டதும் எழும் அந்த வாசனையில்தானே நாம் இருவரும் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தோம். நனைத்தால்தான் கல் வாய் திறக்கும் என்பாய். ஒரு வாளித் தண்ணீரும் முடி உதிர்ந்த பெயின்ட் பிரஷ்ஷுமாக வரிசையில் ஒவ்வொன்றையும் ஈரமாக்கிக்கொண்டே போவாய். உலர்ந்து கிடக்கும்போது ஒன்றுமே தெரியாத சாம்பல் கட்டையில் கோடு கோடாக மணற்படிவுகள் மேலே வரும். அதை எத்தனை தடவை பார்த்தாலும் உனக்கு அலுக்காது. எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுக்கும்.

கற்களை உன் மகள் கொண்டுவந்தாள். நீ போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. கரோல் பாக்கில் என் வீடு மூன்றாம் மாடி. மூச்சு வாங்க ஏறி வந்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே உன் கடுகு நிற ரவிக்கைத் துணியில் சுற்றிய மூன்று கற்கள், அடியில் உன் களக்குறிப்பேடு.  எந்தப் பெட்டிக் கற்கள் என்று எண்ணைப் படிக்காமலே தெரிந்தது.

“சித்தி, இங்கிலீஷ்ல எழுதுனத நான் படிச்சிட்டேன். ஓரத்துல அம்மா தமிழ்ல எழுதியிருக்காளே, அது எனக்கு வராது. நீங்க படிச்சுச் சொல்றீங்களா?” என்றாள்.

தில்லியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், எழுத்து ஏறவில்லை. நீதான் அவளுக்கு நேரம் ஒதுக்கவில்லை என்று நானே உன்னைத் திட்டியிருக்கிறேன். குறிப்பேட்டில் நீ ஏன் தமிழில் எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். அறிக்கைக்குப் போவதெல்லாம் ஆங்கிலம். சந்தேகம், கோபம், அதிகாரியைப் பற்றிய அபிப்பிராயம் எல்லாம் ஓரத்தில் தமிழ். அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நாம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரே படிக்கட்டுக்காரிகள். நீ புவியியலாளர், நான் உன் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர். பதவியில் நீ மேலே இருந்தாலும் ‘ஏட்டி’ என்று நீ கூப்பிடும்போது அலுவலகம் காணாமல் போய்விடும். திருநெல்வேலியை நீ விட்டுவந்து எத்தனையோ வருஷமாகியும் உன் பேச்சு மட்டும் டிக்கெட் வாங்காமல் அங்கேயே நின்றுவிட்டது. களிமண்ணா வண்டலா என்று தெரிய ஒரு துணுக்கைப் பல்லில் கடித்துப் பார்ப்பாய். நறநறத்தால் வண்டல், வழுவழுத்தால் களிமண். முகத்துக்குப் பூச நான் வாங்கிவைத்த முல்தானி மிட்டியையும் ஒருநாள் கடித்துப் பார்த்து நல்ல களிமண்தான் என்று சான்றிதழ் கொடுத்தாய்.

உன்னோடு ஆட்டோவில் போவதும் பெரும்பாடு. ஏதாவது அரசாங்கக் கட்டடத்தின் சிவப்பு மணற்கல் சுவரைக் கண்டால் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாய். அலை ஒதுங்கிய தடம் கல்லில் அப்படியே இருக்கிறது, பாரேன் என்பாய். கொத்தனார் அந்தக் கல்லைத் தலைகீழாகப் பதித்திருக்கிறார் என்று சிரிப்பாய். ஆட்டோக்காரர் என்னைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன். இப்போது உன் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தச் சுவரையும் என்னால் சும்மா கடக்க முடியவில்லை. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று கண் தேடுகிறது. தேடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் நீ நிற்கிறாய்.

மேல் எது கீழ் எது என்று கண்டுபிடிக்க எனக்குக் காட்டித்தந்தவளே நீதான். ஓடும் தண்ணீரில் மணல் சரிந்து சரிந்து படியும். அந்தச் சரிவுக் கோடுகள் அடியில் மெல்ல வளைந்து தரையோடு சேரும். மேல் நுனிகளை அடுத்து வரும் தண்ணீர் சீவிக்கொண்டு போய்விடும். ஆகவே கோடுகள் வெட்டுப்பட்ட பக்கம் மேல், வளைந்து சேர்ந்த பக்கம் கீழ். தில்லி மலைமுகட்டின் பாறை நூறு கோடி வருஷத்துக்கும் முந்தைய மணல். புதைந்து, அழுந்தி, வெந்து இறுகிய பிறகும் அந்தக் கோடுகள் அழியவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன், உனக்குத் தெரிந்திருக்கும்.

முகட்டின் தெற்குக் கோடியில் ஒரு சுரங்கப்பாதைக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளையிலிருந்து வரும் உருளைக் கற்களைக் கோர் என்போம். மணிக்கட்டுப் பருமன், சாண் நீளம், முழ நீளம் என்று உடைந்து உடைந்து வரும். அவற்றை மரப்பெட்டியில் புத்தக வரிபோல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். அடுக்கிய கையோடு ஒவ்வொன்றிலும் எண்ணும், மேல் பக்கம் காட்டும் அம்புக்குறியும் போட வேண்டும். அது என் வேலை. அன்று பெயின்ட் டப்பா காய்ந்துவிட்டிருந்தது. காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். முதல் தப்பு அதுதான்.

மதியம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மந்திர் மார்க் பள்ளியில் என் பையனுக்கு நாடகம். சீக்கிரம் கிளம்ப வேண்டுமே என்று பதினான்காம் பெட்டியை நான் ஒருத்தியே தூக்கினேன். ஒரு பக்கம் கை நழுவி, மூன்றாம் வரிசைக் கற்கள் மூன்று தரையில் உருண்டன. இரண்டின் இடம் தெரிந்தது. பக்கத்துக் கல்லின் உடைந்த முகத்தோடு சரியாகப் பொருந்தின. நடுவில் வர வேண்டிய கல்லுக்கு விழுந்ததில் ஒரு நுனி சிதறிவிட்டிருந்தது. இன்னொரு நுனியைத் திருப்பி வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கல்லை இடுக்கில் செருகிவிட்டு, மறுநாள் காலை அதில் எண்ணும் அம்புக்குறியும் போட்டேன்.

அன்றைக்கே மதியம் நீ அந்தக் கல்லை நனைத்தாய். லென்ஸை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாய். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

“ஏட்டி, இங்க பாரு. வெட்டுப்பட்ட பக்கம் கீழ கெடக்கு. அடுக்கே மடங்கிக் கவுந்து கெடக்குட்டி.”

அடுக்கு கவிழ்ந்திருந்தால் அர்த்தம் பெரிது. மேலே நாம் பார்த்த சிதைந்த, கையால் உதிரும் படிவு மடிந்து அடியிலும் வரும். சுரங்கம் நேராகப் போய் அதில் மாட்டும். உன்னிடம் வேறு இரண்டு அரைகுறைத் தடயங்கள் இருந்தன. முழுத் தடயம் அந்த ஒரு கல்தான். அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் முகம் அவ்வளவு ஒளியாக இருந்தது. வழக்கம்போல நுனிகளைப் பொருத்திப் பார்ப்பாய், அப்போது தானே தெரிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எல்லாப் பெட்டியிலும் நீ அப்படிப் பார்ப்பவள்தானே.

உன் பேச்சை நம்பி இரண்டாவது துளை போட்டார்கள். அடியில் நல்ல இறுகிய பாறை, சிதைவின் சுவடே இல்லை. கூட்டத்தில் உன் மேலதிகாரி கற்களின் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “மேடம்ஜி நே பஹாட் ஹி உல்டா கர் தியா” என்றார். மேடம் மலையையே தலைகீழாக்கிவிட்டாராம். அறை முழுக்கச் சிரித்தது. நான் கடைசி நாற்காலியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தேன். சிரிக்கவில்லை என்பதை இத்தனை நாள் ஒரு புண்ணியம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ ‘உல்டா மேடம்’. ஓட்டுநர்கள்வரை அந்தப் பெயர் போயிற்று. உன்னைக் களத்துக்கு அனுப்புவதை நிறுத்தி வரைபட அறையில் உட்காரவைத்தார்கள். ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தாய். ஒரு நாளும் வாதாடவில்லை. நான் சங்கடப்பட்டால் நீதான் என்னைத் தேற்றுவாய்: “கல்லோட கணக்குல இதெல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லட்டி, விடு.” எனக்கு அது வசதியாக இருந்தது. கல்லின் கணக்கில் ஒன்றுமில்லைதான். நீ வாழ்ந்தது கல்லின் கணக்கிலா?

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வருஷமும் இன்னொரு படிவு மேலே விழ, அடியில் இருந்தது இறுகிப்போயிற்று. கடைசியாக ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள் ஜுரத்தில் நீ கண்ணைத் திறந்து என் கையைத் தேடினாய்.

“அந்தக் கல்ல ஒருநா பொறுமையா பாக்கணும்ட்டி. எங்க தப்பு விட்டேன்னு இன்னும் புரியல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போது எதற்கு அதெல்லாம், தூங்கு என்றேன். நீ சொன்னபடி கேட்டுத் தூங்கினாய். மறுநாள் எழுந்திருக்கவில்லை.

உன் மகளுக்கு அன்று குறிப்பேட்டைப் படித்துச் சொன்னேன். பதினான்காம் பெட்டியின் பக்கம் வந்தது. மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் நேரே ‘நுனி பொருத்திப் பார்த்தேன்’ என்று தமிழில் எழுதி டிக் அடித்திருந்தாய். பதினான்குக்கு நேரே வேறு ஒரு வரி: ‘இது அவள் தனியாக அடுக்கியது. பார்க்க வேண்டாம், சரியாக இருக்கும்.’

அதன் கீழே வேறு வேறு மையில், வருஷக்கணக்கில் நீ திரும்பத் திரும்ப எழுதிய சந்தேகங்கள். லென்ஸ் சரியில்லையோ. வெளிச்சம் ஏமாற்றியதோ. என் கண்ணோ. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறாய். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

“என்ன எழுதியிருக்கா சித்தி?” என்றாள் உன் மகள்.

கல்லின் நிறம், அளவு, அவ்வளவுதான் என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆபீஸ்ல அம்மாவ உல்டா மேடம்னு சொல்வாங்களாமே. அம்மா சச்முச், நெஜமாவே தப்பு பண்ணாளா?” என்று கேட்டாள். எல்லாருக்கும் நடப்பதுதான் கண்ணு என்று அவள் தலையைத் தடவினேன். அந்தக் கை என்னுடையதுதானா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. உன்னை இரண்டாம் தடவையாகத் தலைகீழாக வைத்தேன். அவள் டப்பாவை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். அம்மாவின் கல் உங்களிடம் இருப்பதுதான் சரி என்றாள்.

இரண்டு வாரம் டப்பாவைத் திறக்கவில்லை. இன்று காலை திறந்து, கல்லை நனைத்தேன். சாப்பாட்டு மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்து, நடுக்கல்லை நான் போட்ட அம்புக்குறிக்கு எதிராகத் திருப்பினேன். சிதறாத நுனி பக்கத்துக் கல்லோடு டக்கென்று போய் உட்கார்ந்தது. மயிரிழை இடைவெளி இல்லை. கோடுகளின் வெட்டுப்பட்ட பக்கம் மேலே வந்தது. ஒருவேளை நான் சரியாகத்தான் வைத்தேனோ, மலைதான் ஏதோ விளையாட்டுக் காட்டியதோ என்று இத்தனை வருஷம் ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு மூலை இருந்தது. இப்போது அது இல்லை. நீ எங்கேயும் தப்பு விடவில்லை. உன் முன்னால் இருந்த கல்லை நீ சரியாகத்தான் படித்தாய்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது தமிழில் எழுதலாம், உன் மகளால் படிக்க முடியாது என்று மனதின் ஒரு ஓரம் நிம்மதிப்பட்டது. எழுத எழுத, அந்த நிம்மதி எனக்கே நாறியது.

அவளுக்கு போன் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். குறிப்பேட்டில் நான் தாண்டிப்போன வரியையும், இந்த மடலையும் அவளுக்குச் சத்தமாகப் படிப்பேன். அதன்பின் அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை. காலையில் பொருத்திய கற்கள் மூன்றையும் மறுபடி கலைத்து மேஜையில் போட்டிருக்கிறேன். நான் பொருத்தி வைக்கப்போவதில்லை. நான் அடுக்கியதை நம்பாதே, உன் கையால் நீயே பொருத்திப் பார் என்பதுதான் அவளிடம் நான் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கும்.