மாமாவின் கையெழுத்து

இன்று காலை ஈப்போவில் என் சம்பளச் சீட்டை போட்டோஸ்டேட் எடுத்தேன். இயந்திரத்திலிருந்து வந்த தாள் கையைச் சுட்டது. மையும் சூடும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், மீதிச் சில்லறையை வாங்க மறந்து வெளியே வந்துவிட்டேன். உன் மகளின் கல்லூரிக் கடனுக்கு நான்தான் ஜாமீன் நிற்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பள்ளி முடித்த வருடம் தெலுக் இந்தான் டவுனில் நாம் இருவரும் ஒரே கடையில் நின்று பிறப்புப் பத்திரத்தை நகல் எடுத்தோமே, அன்றைக்கும் இதே வாடைதான். இருவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கடன் விண்ணப்பப் போராங்கில் ஒரு பக்கம் மட்டும் பாக்கி. அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஒரு பிள்ளைக்குத்தான் போடலாம். நம் ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். அரசாங்கச் சம்பளத்துக்கு எங்கே போவது?

"எனக்குக் கவலையில்ல லா. எங்க மாமா தண்ணி இலாகாவுல கிராணி, அரசாங்கச் சம்பளந்தான். ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் போயி கேட்டா போட்டுருவாரு" என்றாய். எனக்கு யாருமில்லை என்று நீ வருத்தப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவிடம் போய், "அவ மாமா கிராணியாம்பா. அவ இன்னும் கேக்கலயாம்" என்றேன். அவ்வளவுதான். தெரியாமல் வாயில் வந்தது என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாளே அப்பா வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஆரஞ்சுப் பழம், பூ எல்லாம் வைத்து, மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினார். தாம்பாளத்தோடு போனால் யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. உன் மாமா வாசலில் நின்று சிரித்தார். "என்னண்ணே, பொண்ணு கேக்க வந்த மாதிரி வந்திருக்கீங்க?" அப்பா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தாம்பாளத்தைத் திருப்பித் தர அவருக்கு மனசு வரவில்லை. "ரெண்டு நாள் குடுங்க" என்றார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை நீ எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாய். "மாமா வேற யாருக்கோ போட்டுட்டாராம். பரவால்ல லா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்." உள்ளுக்குள், அப்பாடா, யாருக்கென்று இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். சீ! அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வருடம் உனக்கு வரவேயில்லை. தோட்டத்தை விற்றார்கள், நீங்கள் ஈப்போவுக்கு மாறினீர்கள், நீ கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாய். நான் படித்து முடித்து அரசாங்க வேலையில் உட்கார்ந்தேன், அதுவும் அதே ஈப்போவில். மார்க்கெட்டில் உன் தலை தெரிந்தால் மீன் கடைப் பக்கம் திரும்பிவிடுவேன். கிறிஸ்மஸ் தவறாமல் நீ கூப்பிடுவாய். "முறுக்கு சுட்டு வச்சிருக்கேன், இந்த வருசமாச்சும் வா லா." ஆபீசில் வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏதாவது சொல்லித் தப்பிப்பேன். நீ கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ கண்மூடி முப்பதாம் நாள் நடந்த பூசைக்குத்தான் முதல்முறையாக உன் வீட்டுப் படியேறினேன். உன் மகள் காப்பி கொண்டு வந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது, ஜாமீன் கிடைக்காமல் துணிக்கடையில் நிற்கிறேன் என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?" என்றேன்.

"போன வருசமே கேக்கலாம்னு சொன்னேன் ஆண்ட்டி. அம்மாதான் வேணாம்னுட்டாங்க." காப்பியை என் பக்கம் நகர்த்தினாள். "மாமா தாத்தா அப்ப அம்மாவ கூப்பிட்டு, யாருக்குப் போடட்டும்னு கேட்டாராம். அவளுக்கே போடுங்க, அவளுக்கு வேற ஆளில்லன்னு அம்மா சொன்னாங்களாம். அது தெரியாம நீங்க அம்மாவ பாத்தாலே ஒதுங்கிப் போறீங்களாம். 'இப்ப நம்மளும் போயி கையெழுத்து கேட்டா, கணக்கு தீந்துச்சுன்னு சுத்தமா வராம போயிருவா. கொஞ்ச நாள் பொறு, அவளா ஒரு நாள் வருவா'ன்னாங்க."

போராங்கை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டேன். உன் மகள் படித்துவிடுவாள், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் இதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பேன், சொல். நான் வருவேன் என்று பெற்ற மகளின் படிப்பையே ஒரு வருடம் நிறுத்திவைத்துக் காத்திருந்தாய். பாவி நான், உன் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு வரவேயில்லையே.