நடுவில் ஒரு மங்குஸ்தான்

என்னை விட்டுவிட்டு முந்திக் கிளம்பிவிட்ட என் அருமை வீட்டுக்காரருக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. மகள் புதுப் போன் வாங்கித் தந்திருக்கிறாள். ஒரு தட்டுத் தட்டினால் ஒன்று செய்கிறது, உடனே இன்னொரு தட்டுத் தட்டினால் வேறொன்று செய்கிறது. "இதெல்லாம் உங்க அப்பா அந்தக் காலத்துலயே தென்காசியில செஞ்சாச்சுட்டி" என்றேன். சிரிக்கிறாள். நீங்களே சொல்லுங்கள், பொய்யா?

எண்பதுகளின் கடைசியில் நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில், எழுத்து அடிக்கிற எடிட்டர் ஒன்று, வேண்டிய கட்டளையை நாமே எழுதிச் சேர்க்கிற மாதிரி இருந்ததே. நீங்கள் ஒரு கட்டளை எழுதினீர்கள். பட்டனை ஒரு தடவை அமுக்கினால், திரையில் மின்னுகிற கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போகும். உடனே மறுபடி அமுக்கினால் பக்கத்தின் உச்சிக்கே போய்விடும். "கடைசியா என்ன செஞ்சோம்னு எடிட்டரு ஞாபகம் வச்சிருக்கும். நடுவுல ஒரு எழுத்து அடிச்சாக்கூட, அடுத்தது மறுபடி முதல் தடவைதான்" என்று விளக்கினீர்கள். நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை இலத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் உங்கள் முகம் செத்துப்போயிற்று. அந்த வாரம் சென்டரே ஐந்தருவிக்குக் குளிக்கப் போனது. பழக்கடை ஓரம் ஈரத்தலையோடு நின்ற என்னிடம், "என்னையக் கட்டிக்கிடுதியளா?" என்று கேட்டுவிட்டீர்கள். நம் ஊரில் காபிக்கே முதல் தடவை வேண்டாம் என்பார்கள், மறுபடி கேட்டால்தான் வாங்குவார்கள். கல்யாணத்துக்கு எடுத்த எடுப்பில் சரி என்பேனா? துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். நீங்கள் பயந்துபோய்க் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, மங்குஸ்தான் இனிக்குமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது திரும்பவும் கேட்டீர்கள். "ரெண்டாவது தடவை கேக்கேன், பதில் சொல்லுங்க."

"நடுவுல மங்குஸ்தான் விசாரிச்சியள்லா? அப்ப இது முதல் தடவைதான். உங்க எடிட்டரு அப்படித்தான சொல்லுது?" என்றேன்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டீர்கள். அப்புறம் மூச்சு விடாமல், "கட்டிக்கிடுதியளா, கட்டிக்கிடுதியளா" என்றீர்கள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சரி என்றேன். அன்றைக்கே இலத்தூருக்கு ஆள் போய், வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

போன வாரம் மத்தியானம் கண்ணயர்ந்தபோது, "ஏட்டி, வாரியா?" என்று நீங்கள் கூப்பிட்டது போலிருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்துபோய்க் காபி போட்டேன்.

இனியும் நடுவில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். அதனால் நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் அது முதல் தடவைதான். ஒருநாள் அன்றைக்கு மாதிரியே மூச்சு விடாமல் அடுத்தடுத்துக் கூப்பிடுவீர்கள். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அடுத்தடுத்துக் கேட்டு நீங்கள் கட்டிக்கொண்ட மனைவி,
செண்பகம்