அன்று உன்னைப் போட்டிக்கு அழைத்தது யார்

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் இருந்து மோகனூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் கோழிப்பண்ணை வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முன் சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உன் குரல் கேட்டது. "மாஸ்க்கு போட்டதுல ஒரே ஒரு நல்லது புள்ள. இந்தக் கருமத்த மோந்து பாக்க வேண்டீதில்ல." கடைசியாக நாம் ஒரே மேசையில் உட்கார்ந்த அன்று நீ சொன்னது. நாம் வேலை பார்த்த அந்தக் கூடைப்பந்து உள்ளரங்கத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பண்ணைகள். வெளியூர் அணிகள் வந்து இறங்கியதும் முகம் சுளிப்பதைப் பார்த்து நீ வருடம் தவறாமல் சிரிப்பாய்.

நான் உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நீ இல்லாத வீட்டுக்கு இரண்டாவது முறையாக.

சேலத்தில் கல்லூரி அணியில் இருந்தபோதே நம் இருவருக்கும் உயரம் போதாது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கூடைப்பந்தை விட மனம் வரவில்லை. மேசை அலுவலர் தேர்வை ஒன்றாக எழுதினோம். நான் ஸ்கோர் எழுதுபவள், நீ நேரம் பார்ப்பவள். நம் பக்கத்தில் சம்பளம் வாங்கி ஆடும் வீரர்களோடு ஒரு லீக் தொடங்கியபோது, முதல் போட்டியின் மேசையிலும் நாம் இருந்தோம். மேசையில் நான்கு பேர் இல்லாமல் போட்டி தொடங்க முடியாது என்ற விதியை நீ பெருமையாகச் சொல்வாய். "ஆறரை அடி ஆளுக பத்துப் பேரு நிக்கறானுக. நாம உக்காந்தாத்தான் பந்து மேல போகும்."

அந்த விதியால்தான் எல்லாம் நடந்தது.

கொரோனா இரண்டாம் அலை வந்துகொண்டிருந்தது. லீக்கின் கடைசிக் கட்டமான பிளே ஆஃப் சுற்று முடிவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அரையிறுதியில் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தன. மூன்றாவது ஆட்டத்தன்று காலையில், நேரம் பார்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அந்த மாதம் குழந்தை பிறந்திருந்த உன் நாத்தனார் உன் வீட்டில் இருந்ததால், நீ பிளே ஆஃப் முழுவதற்கும் வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாய்.

லீக் அலுவலகத்தில் இருந்து பேசியவர் என்னிடம் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "ஆள் இல்லீன்னா என்னங்க மேடம் பண்றது? தள்ளி வெச்சுக்கலாம் உடுங்க."

"ஒரு மணி நேரம் குடுங்க, நான் ஆளக் கூட்டியாறேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த சீசனில் ஒரு போட்டி விடாமல் ஸ்கோர் ஷீட் எழுதியவள் நான். அரையிறுதி தள்ளிப்போனால் இறுதிப் போட்டியே நடக்காமல் போகும்; அதன் ஷீட்டும் என் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான்கு வருடமாகத் தேடினேன், கிடைக்கவில்லை.

உனக்குப் போன் செய்தேன். "வேண்டாம் புள்ள. மாமியாளுக்குச் சக்கரை இருக்குது, ஊட்டுல பச்சக் கொழந்த இருக்குது" என்றாய்.

"நீ வரலீன்னா மேட்ச்சே இல்ல தெரிஞ்சுக்க. பயந்தாங்கொள்ளி."

"ஆமா, நாங்க பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போறோம். வெய்யி போன."

அரை மணி நேரம் கழித்து நீயே கூப்பிட்டாய். "சரி வாரேன். பால் பீச்சற நேரத்துக்கு ஊடு வந்து சேரோணும், ஆமா." அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பார்வையாளர்கள் இல்லாத அரங்கில் பந்து தரையில் மோதும் சத்தம் இரட்டிப்பாகக் கேட்டது. முதல் பாதியில் ஆட்டம் நின்றபோதெல்லாம் நீ நேரக் கருவியின் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். கடைசிக் கால்பகுதியில் ஒரு புள்ளி வித்தியாசம். அப்போது அமைப்பாளர் ஒருவர் கையில் போனோடு ஓடிவந்து நடுவரிடம் ஏதோ சொன்னார். காலையில் சோதனை கொடுத்திருந்த ஒரு வீரருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. நடுவர் விசில் ஊதினார். "ரெண்டு நிமிசம் பதினாலு செகண்டு இருக்குது, எழுதிக்க" என்றாய். நான் எழுதினேன். கை கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வீரர்கள் நின்றார்கள்.

வெளியே வண்டியை எடுக்கும்போது நீ என்னைப் பார்த்து, "இதுக்குத்தான் கூப்புட்டியா?" என்றாய். கேலியா கோபமா? முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. எத்தனையோ முறை அந்தக் கண்களை நினைத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. நீ திரும்பி வரவில்லை. உன் மாமியாருக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊரடங்கு தளர்ந்த பிறகு முதல் முறையாக உன் வீட்டுக்கு வந்தேன். உன் கணவர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு மேட்ச்சுக்கு அவள ஆருங்க கூப்புட்டாங்க?"

"லீக் ஆபீஸ்ல இருந்துங்ண்ணா."

"ஓ" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

அன்று நின்றுபோன லீக்கை அடுத்த மாதம் மீண்டும் தொடங்குகிறார்கள். உன் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கப்போகிறார்கள். உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். உன் கணவர் முன் வரிசையில் இருப்பாராம். எழுத உட்கார்ந்தேன். 'லீக் அழைத்தபோது அவள் மறுக்காமல் வந்தாள்' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாட்கள் அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்.

அவர் மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தார். "வாங்கம்மிணி" என்றார். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னைக்கு ஆபீஸ்ல இருந்து கூப்புடலீங்க. நாந்தான் கூப்புட்டேன். அவங்க தள்ளி வெக்கறேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் வுடல."

அவர் கலப்பதை நிறுத்தவில்லை. வாளியைப் பார்த்தபடி, "நீங்களா?" என்றார். தீவனத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேசினார்.

"அன்னைக்கு அவ போன வெச்சுட்டு சமயக்கட்டுல போயி உக்காந்துட்டா. மொகமே நல்லால்ல. ஆரு கூப்புட்டாங்கன்னு நான் கேக்கல, அவளுஞ் சொல்லல. எத்தன நாளைக்கு இதுக்குள்ளயே கெடப்ப, போயிட்டு வா, அம்மாவ நாம் பாத்துக்கறேன்னு நாந்தாஞ் சொன்னேன்."

வாளியை மாட்டின் முன் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஆபீஸ்ல கூப்புட்டாங்கன்னு நீங்க சொன்னீங்க. ஆபீஸ்காரனுக்காவ அவ போற ஆளுங்களா? எடுத்தெறிஞ்சு பேசீருவா. அப்ப நாஞ் சொன்னதுக்குத்தான் போயிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். இத்தன வருசமும் அப்படித்தானுங்க நெனச்சுட்டிருக்கறேன்."

உள்ளேயிருந்து உன் மாமியார், "ஆரு சாமி வந்திருக்கறது?" என்று கேட்டார். "நம்ம நாமக்கல் அம்மிணிங்கம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேருஞ் சேந்து அழுதிருக்கலாமுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

நீ என்னை மன்னித்திருப்பாய் என்று எழுத மாட்டேன். உன் சார்பில் அப்படி எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. உன்னை அழைத்ததுதான் என் குற்றம் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தொற்று உனக்கு அந்த மேசையில்தான் வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் உன் கணவரை அந்தச் சமையலறைப் பேச்சோடு நான்கு வருடம் தனியாக விட்டது நான்தான். அதில் சந்தேகமே இல்லை. அதை இனிமேல்தான் சுமக்கத் தொடங்கியிருக்கிறேன்.

லீக் அழைத்ததாக எழுதிய அந்த வரியை அடித்துவிட்டேன். 'அன்று அவளைப் போட்டிக்கு அழைத்தவள் நான்' என்று இப்போது பேச்சு தொடங்குகிறது. 'அவள் மறுத்தாள்' என்பது இரண்டாவது வரி. மூன்றாவது வரியில், கடைசியில் நீ ஏன் வந்தாய் என்று சொல்ல வேண்டும். அதை நானாக எழுத முடியாது, உன் கணவருடைய சம்மதம் வேண்டும். நேற்று போன் செய்து கேட்டேன்.

"ரோசன பண்ணிச் சொல்றேனுங்க" என்றார். மூன்றாவது வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.