பத்து வில்களும் ஒரு குரலும்

இன்று காலை செம்மேட்டில் ஒரு டீக்கடையில், நீ இசையமைத்து நான் பாடிய நம் இசைத்தொகுப்பின் நான்காவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் அடங்கி, ஒரு நிமிடம் முழுக்க வயலின்கள் மட்டும் வருமே, அங்கே கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். டீ ஆறிப்போகும்வரை நின்றிருந்தேன்.

எட்டு வயலின், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோ இரண்டு, ஆக பத்து வில்கள். மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வேனில் வந்த வாத்தியக்காரர்களில் பாதிப் பேர் தலைசுற்றி, ஒலிப்பதிவுக்காக நாம் கேட்டு வாங்கிய பள்ளிக்கூட ஹாலில் படுத்துவிட்டார்கள். நீ ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னாய். மதியம் நீ எழுதிய இசையை அவர்கள் சேர்ந்து வாசித்தபோது, பாட வேண்டிய நான் அழுதுவிட்டேன். 'மூக்கச் சிந்திட்டு வா கண்ணு, பாடலாம்' என்றாய்.

தொகுப்பு வெளிவந்ததும் ஒரு வார இதழில் விமர்சனம் வந்தது. நல்ல குரல், அதன்மேல் பத்து வில்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். பாராட்டு எனக்கு, குட்டு உனக்கு. அடுத்த வாரம் ஒரு வானொலிப் பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டார்கள். புகழ் கிடைத்த மயக்கமோ, பயமோ, 'ஆமாங்க, வயலினக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்' என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. தேவனூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் இருந்த உன் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்தேன். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தாய். நான் சாப்பிட்டு முடித்த பிறகே பேசினாய்.

'எழுதுனவரு அவரு காதுக்குப் பட்டதச் சொன்னாரு. அது எனக்கு வலிக்கல கண்ணு. நீ அழுதயே, அது எந்தக் காது?'

தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பின் எனக்காக ஒரு வரி இசைகூட எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நீ மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய்.

நீ போன பிறகுதான் தொகுப்பு ஊரெல்லாம் பரவியது. பாடகியைவிட அந்த ஒரு நிமிடம்தான் பிடிக்கிறது என்று ஒரு லாரி டிரைவர் எனக்கு எழுதியிருந்தார். விமர்சகர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. மாற்றிப் பேசியவள் நான்தானே.

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கூட்டத்தில் அதே கேள்வி வந்தது. 'இல்லீங்க, அத்தனையும் வேணும்' என்றேன். கைதட்டினார்கள். உன் எதிரில் உட்கார்ந்து கிழங்கு தின்ற அன்று சொல்லியிருக்க வேண்டியது. அந்நியர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன், பாரம் இறங்கவில்லை.