டி.வி. மேல் முளைக்காத மிளகாய்

பிப்ரவரி 9, திங்கள்

பனிமூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. இது போன வருஷத்து டைரி, ஆபீஸில் மிஞ்சியது. பக்கத்துக்குப் பக்கம் கிழமையை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் சும்மா கிடப்பவனுக்கு இதுவும் ஒரு வேலை.

குடல்புண் ஆபரேஷன் முடிந்து வீடு வந்து எட்டு நாள். வயிற்றில் பதினான்கு தையல். ஆறு வாரத்துக்கு மாடிப்படி இறங்கக்கூடாது. இரண்டாம் மாடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது காற்று வரும் என்று சந்தோஷப்பட்டவன் நான்தான்.

இன்றைய சாப்பாடு:
கா. – பாலில் ஊறி உயிரை விட்ட ரொட்டி.
ம. – குழைந்த சாதம், பருப்புத் தண்ணீர், சுரைக்காய்.
மா. – பால்.
இ. – மத்தியானத்துச் சுரைக்காய், ஆறினது.

காரம், புளி, காபி கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு மட்டும். செண்பகம் (இனி செ. முழுப்பேர் எழுதினால் கை வலிக்கிறது) அதை வீட்டுக்கே சட்டமாக்கிவிட்டாள். வற்றல், மிளகாய்ப்பொடி, ஊறுகாய் எல்லாம் கீழ்வீட்டு கோஸ்லா அம்மாளுக்குத் தானம். மார்ச் கடைசியில் பேரியம் எக்ஸ்ரே. புண் ஆறிவிட்டது என்று டாக்டர் வாயால் சொல்லும்வரை அவளும் மிளகாயைத் தொடமாட்டாளாம். மலை மந்திர் முருகனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள், என்னிடம் சொல்வதற்கு முன்பே. ஆறவில்லை என்றால் மறுபடி கத்தி. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. சுரைக்காயைப் பற்றிப் பேசுகிறோம்.

காலையில் காய்கறி வண்டி. செ. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினாள். வண்டிக்காரன் சுரைக்காயை வைத்து, வழக்கம்போல ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சும்மா போட்டான். கூடை மேலே வந்தது. மிளகாயை மட்டும் பொறுக்கி, கூடையில் வைத்து, மறுபடி கீழே இறக்கினாள். “பையா, மிர்ச்சி வாபஸ்.” அவன் காசு வேண்டாம், சும்மாதான் கொடுத்தேன் என்று கத்துகிறான். அக்கம்பக்கத்து பால்கனி எல்லாம் வேடிக்கை. டில்லியில் இலவச மிளகாயைத் திருப்பிக் கொடுத்த முதல் பெண்மணி இவளாகத்தான் இருக்கும்.

மோர்சாதத்துக்கு மோர் மிளகாய் இல்லாவிட்டால் தட்டில் கை வைக்காதவள் இவள். இப்போது என் எதிரில் உட்கார்ந்து சுரைக்காயை மென்று விழுங்குகிறாள், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நோவு எனக்கு, தண்டனை அவளுக்கா? திட்டினால் “எனக்கும் இப்ப காரம் புடிக்கலைங்க” என்கிறாள். பொய்.

முடிவு: வாங்கினால்தானே திருப்பிக் கொடுப்பாள்? வீட்டிலேயே முளைத்ததை எந்தக் கூடையில் இறக்குவாள்? மிளகாய்ச் செடி போடப்போகிறேன். எக்ஸ்ரே அன்று செடியோடு அவள் முன்னால் நிற்பேன்.

விதைக்கு வீடெல்லாம் தேடினேன், அவள் குளிக்கப் போன நேரத்தில். ஒரு வற்றல்கூட இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு ஜாடி. மோர் மிளகாய். பொங்கலுக்கு அவள் அண்ணி திண்டுக்கல்லிலிருந்து அனுப்பியது. இதை மட்டும் தானம் செய்ய மனசு வரவில்லை போலிருக்கிறது. ஆறு எடுத்தேன். நகத்தால் கீறி விதையை எடுத்து, டால்டா டப்பாவில் மண் (பால்கனித் தொட்டியில் செத்துப்போன ரோஜாவுடையது) போட்டு விதைத்தாயிற்று. டப்பா பால்கனியில், கூலருக்குப் பின்னால். தோலைக் காகிதத்தில் சுற்றிக் குப்பை வாளியில், உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில்.

ஐந்து தோல்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஆறாவதைத் தின்றுவிட்டேன். நக்கிப் பார்க்கத்தான் வாயில் வைத்தேன். அப்புறம் இல்லை.

பிப். 10, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து வயிற்றில் எரிச்சல். தையல் போட்ட இடமா, உள்ளேயா, தெரியவில்லை. மலம் கறுத்தால் ரத்தம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். கறுப்பு இல்லை. ஒரு மிளகாய்த் தோலுக்காக மறுபடி மேஜையில் படுக்கப் போகிறேனா? நாற்பத்தாறு வயது. கழுதை.

செ. காலையிலிருந்து பேசவில்லை. பாலை மேஜையில் டக்கென்று வைத்தாள். சாயங்காலம் கோயிலுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. கேட்டால் குளிர்காற்று என்றாள். காற்று மூக்கை விட்டுவிட்டுக் கண்ணில் மட்டுமா அடிக்கும்? எதற்கு இந்தக் கோபம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

பிப். 11, புதன்

இன்றைக்கு ஒரே சிரிப்பு. பால் பாயசம். நேற்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்த அதே மனுஷி. கூலர் பின்னால் இருந்த டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன். குளிரில் வெளியே வேண்டாம், சூடான இடமாகப் பார்த்து வையுங்கள் என்றாள். டி.வி. பெட்டி மேல்தான் சூடு என்றேன். அங்கே விரித்திருந்த லேஸ் துணியை எடுத்து மடித்து வைத்தாள். அதன்மேல் நான் ஒரு தடவை டீ கிளாஸ் வைத்ததற்கு ஒரு வாரம் திட்டினவள்.

எரிச்சல் குறைவு. மலம் சரி.

பிப். 15, ஞாயிறு

டி.வி.யில் சினிமா. எங்கள் படிக்கட்டு வீடுகளில் டி.வி. வைத்திருப்பது நாங்கள் மட்டும், ஆகவே பதினான்கு பேர். ஒரு வாண்டு ஸ்டூலில் ஏறி டப்பாவுக்குள் விரலை விட்டுக் கிளறியது. அதன் அம்மா பார்த்துக்கொண்டே பட்டாணி தின்றாள். முக்கியமான கட்டத்தில் கரண்ட் போயிற்று. இருட்டில் எல்லோரும் டப்பாவைத்தான் பார்த்தார்கள், மண்ணை வைத்ததால்தான் கரண்ட் போனது என்கிற மாதிரி.

சுதா அழாத குறை. பத்தாம் வகுப்புத் தோழிகள் முன்னால் மானம் போயிற்றாம். “அப்பா, டி.வி. மேல மிட்டி யாரு வைப்பாங்க?” பதினைந்து வருஷம் டில்லியில் வளர்ந்த தமிழ். இவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், இந்த டைரி பத்திரம். செ. வாசிப்பாள், ஆனால் ஆபீஸ் டைரி என்றால் தொடமாட்டாள்.

பிப். 19, வியாழன்

டப்பா சூடாக இருக்க வேண்டுமென்றால் டி.வி. ஓட வேண்டும். சாயங்காலம் முதலில் வருவது விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. தினமும் முழுக்கப் பார்க்கிறேன். கோதுமைத் துரு நோய், எருமைக்குக் காம்பு வீக்கம், குழாய்க் கிணறு. மிளகாயைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள். ஒன்றும் இல்லை. மேல் மண்ணைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். விதை அப்படியே இருக்கிறது, எங்கள் செக்‌ஷனில் ஃபைல் மாதிரி.

பிப். 26, வியாழன்

வெயில் நன்றாக அடித்தது. டப்பாவை பால்கனியில் வைத்து இரண்டு நிமிஷம் திரும்பினேன், புறா. கைத்தடியை எறிந்தேன். தடி கீழே கோஸ்லா அம்மாளின் புல்தரையில். தையல் சுரீர் என்றது. தடியைச் சுதா போய் எடுத்து வந்தாள், மூன்று தடவை பெருமூச்சு விட்டு.

பதினேழு நாள். தினமும் நான் ஊற்றுவது போக செ.வும் தண்ணீர் தெளிக்கிறாள், நான் சொல்லாமலே. முளை வந்ததா என்று கேட்பதே இல்லை. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

என்னைப் போல ஒரு முட்டாள் டில்லியில் இல்லை.

கோஸ்லா அம்மாள் உடம்பு விசாரிக்க வந்தார். கீழே அவர் தோட்டத்தில் கத்திரி, தக்காளி எல்லாம் உண்டு, ஆகவே டப்பாவைக் காட்டினேன். மூன்று வாரத்தில் முளைக்காத மிளகாய் கிடையாது என்றார். கிளறி ஒரு விதையை எடுத்தார், மண்ணைத் துடைத்து நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். “பாய் சாஹப், யே தோ அச்சார் போயா ஹை ஆப்னே.” ஊறுகாயை விதைத்திருக்கிறேனாம். ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் தையல் பிரியாதவர்களுக்கு எல்லாம் சௌகரியம்.

செ. சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. அந்த அம்மாள் போனதும், உனக்கு முன்னாலேயே தெரியுமா என்றேன்.

“உப்பு மோர்ல நாள்கணக்கா ஊறி, வெயில்ல காஞ்சது எப்படிங்க முளைக்கும்?”

மூன்று வாரம் உப்புக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தாயே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கத்தினேன். கத்தக்கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான். அவள் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

ஜாடியில் ஆறு குறைந்ததை மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்தாளாம். ஆறையும் நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தாளாம். அன்றைக்குத்தான் கோயில், வீங்கின கண். அடுத்த நாள் கூலருக்குப் பின்னால் டப்பா, மண்ணுக்குள் விதை.

“வெதை மண்ணுல இருந்தா வயித்துல இல்லன்னுதான அர்த்தம். முளைக்காதுன்னு சொன்னா நீங்க மறுபடி ஜாடிக்குப் போவீங்க. தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒன்று வயிற்றில்தான் போனது என்று. “சரி, பால் கொண்டா” என்றேன்.

மார்ச் 4, புதன்

விதை வந்தது. கோஸ்லா அம்மாள் அனுப்பிய நாலு சிவப்பு வற்றல். பார்த்தால் நம் வீட்டில் தானம் போன வற்றல்தான். செ. விரதக்காரி, இடுக்கியால் எடுத்து வைத்தாள். உடைத்து விதை எடுத்தது சுதா. அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டு அரை மணி நேரம் குழாயடியில். அதற்கும் காரணம் நான்தானாம்.

ராத்திரி ஊறவைத்து நாளை விதைக்க வேண்டும். டப்பா, மண் எல்லாம் புதுசு. இந்த டப்பாவில் ஓட்டையும் போட்டாயிற்று. முதல் டப்பாவில் ஓட்டை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 14, சனி

முளைத்துவிட்டது. ஐந்து. கழுத்தை மடித்துக்கொண்டு நிற்கின்றன. மூவரும் டி.வி. முன்னால் நின்று, படம் ஓடாத டி.வி.யைப் பார்த்தோம்.

சாயங்காலத்துக்குள் ஏழு. நான் மூன்று தடவைக்கு மேல் தொடக்கூடாது என்று சுதா உத்தரவு.

மார்ச் 17, செவ்வாய்

மூன்று போயிற்று. அடித்தண்டு நூலாகச் சுருங்கிச் சாய்ந்துவிட்டன. தண்ணீர் அதிகமாம். ஆளாளுக்கு ஊற்றியிருக்கிறோம், காலையில் செ., மத்தியானம் நான், சாயங்காலம் சுதா. இந்த வீட்டில் எதைத்தான் யாரிடம் சொல்லிச் செய்கிறோம்? நாலு மிச்சம்.

எக்ஸ்ரே வரும் திங்கள். பயமாக இருக்கிறது. அந்த ஒரு தோல் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறதோ.

மார்ச் 23, திங்கள்

முதல் தடவையாகப் படி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் செ. என் முழங்கையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேருமே விழப்பார்த்தோம். ஆட்டோக்காரனுக்கு ஒரு பள்ளமும் விட்டுப்போகக்கூடாது.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் பெஞ்சு. சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். அதற்கு முன்னால் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். “செண்பகம், ஒண்ணு சொல்லணும்” என்றேன். என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டாள். வாயெல்லாம் சுண்ணாம்பு என்றேன்.

மார்ச் 26, வியாழன்

ஆறிவிட்டது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, டீக் ஹை என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதமாக நடுங்கியதற்கு இரண்டு வார்த்தை. காரம் எனக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு ஆகாது. செ. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பும்போது கோயில். நான் கீழே ஆட்டோவில்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். நாலு நாற்று, விரல் உயரம், தலைக்கு நாலு இலை. காய்க்க ஜூன் ஆகும். இதுக்காகவா இத்தனை கூத்து என்றாள். உனக்காகத்தான் என்றேன். கொஞ்ச நேரம் இலையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஜாடியை எடுத்தாள்.

மோர் மிளகாய் எண்ணெயில் பொரியும் நெடி. சுதா தும்மிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். எனக்கு மோர்சாதம், சுரைக்காய். அவளுக்கு மோர்சாதம், தட்டோரம் கறுக்கப் பொரிந்த மிளகாய் இரண்டு. என் கை தானாக நீண்டது. தட்டை நகர்த்திக்கொண்டாள்.

“உங்க பங்கு அன்னைக்கே ஆச்சு. குப்பையில தோலு அஞ்சுதான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு மிளகாயைக் கடித்தாள். நான் சுரைக்காயைச் சாப்பிட்டேன்.