சுரண்டாத கண்ணாடி

டுலூத்,
பிப்ரவரி 9

அன்பு மகள் கிரெட்டாவுக்கு,

அப்பா நலம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. மூன்று நாளாக விடாத பனி. தியேட்டரில் இரண்டு மதியக் காட்சிகளுக்கு நடுவே, பாப்கார்ன் மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீ இயக்கி அனுப்பிய படத்தைப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தை வெட்டிவிட்டு விபத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார் தயாரிப்பாளர், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். யோசனை கேட்க நல்ல ஆளைப் பிடித்தாய்! இருபத்தாறு வருஷமாக டிக்கெட் கிழித்துவிட்டு உள்ளே போய், படம் தெளிவா, சத்தம் சரியா என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்து, சரிபார்த்ததற்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறவன் நான். கடைசியில் பெருக்கப் போகும்போது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் யார் யாரைக் கொன்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

உன் படத்திலும் ஐந்தாவது நிமிடம் எழுந்துவிட்டேன். பாப்கார்ன் விற்கும் நடீன், "யோவ் ஆர்லன், பெத்த பொண்ணு படத்துக்குமா டூட்டி பாக்குற?" என்று சிரித்தாள். பழக்கம் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் தொடக்கம் பற்றி ஒன்று தெரியும். திரையில் ஏதாவது வெடித்தால் ஜனங்கள் இன்னும் வேகமாகக் கொறிப்பார்கள். ஏதோ ஒரு சின்ன விஷயத்தில்தான், பாப்கார்ன் டப்பாவுக்குள் போன கை அப்படியே நின்றுவிடும். அந்தப் படத்தைப் பற்றித்தான் வருஷம் கழித்தும் வந்து பேசுவார்கள்.

உன் படத் தொடக்கத்தில் அந்த ஆள் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறான். உள்ளே மனைவி, மடியில் ஆஸ்பத்திரிப் பை. பிறகு சுற்றி வந்து அவள் பக்கத்தையும் சுரண்டிவிட்டுக் கையசைக்கிறான். நல்ல மனுஷன். உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, நான் அவசரத்தில் என் பக்கம் மட்டும்தான் சுரண்டினேன். உன் அம்மா வழி முழுக்க வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் இருந்த உனக்கு ஒன்பது வயது. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது நாம் இரண்டு பேர்தான்.

அப்பாவுக்காக மாற்றியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. தொடக்கத்தை விட்டுக்கொடுக்காதே. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அவன் அவள் பக்கம் போவதை மட்டும் வெட்டு. டப்பாவுக்குள் கை நிற்கும்.

படம் இந்த ஊருக்கு வந்தால் நீயும் வா. எனக்குப் பக்கத்தில் உட்கார். ஐந்தாவது நிமிடம் நான் எழுந்தால், சட்டையைப் பிடித்து உட்காரவை. நன்றாக இரு அம்மா.

இப்படிக்கு,
தொடக்கம் மட்டும் தெரிந்த உன் அப்பா,
ஆர்லன்